நிண்டுகொண்டு சாப்பிடுற பிள்ளையள்

“எந்தச் சாப்பாட்டை நிப்பாட்டினால் இவன் அடங்குவான், மிசி?”

கிளினிக்கில் என் மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையில் இருந்து இதைக் கேட்காத தாய் மிகக் குறைவு. அந்த நேரத்தில் பிள்ளை நிறை பார்க்கும் தராசில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் என் மேசை லாச்சியை இழுத்துப் பார்க்கும். தாயின் கண் பிள்ளையில் இருக்கும், காது என் பதிலில் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் நான் தாதியாக வேலை செய்த காலத்தில் கடைசிப் பன்னிரண்டு வருசம் பிள்ளைகளின் உளநல கிளினிக்கில் கழிந்தது. உயரமும் நிறையும் எடுத்து, வீட்டு விபரம் கேட்டு எழுதி, மருந்து தொடங்கின பிள்ளைக்குச் சாப்பாட்டு ஒழுங்கு சொல்லிக்கொடுத்து டொக்டரிடம் அனுப்புவது என் பங்கு. பதிவேட்டில் ஏ.டி.எச்.டி என்று எழுதுவோம். அவதானக் குறைவு, மிகை இயக்கம் என்று தமிழில் விரித்துச் சொல்வோம். வெளியே வாங்கில் காத்திருப்பவர்களுக்கு அதெல்லாம் வேண்டாம், ஒரு சொல் காணும்: குழப்படி. “சரியான குழப்படி, மிசி.” இந்தச் சொல்லில் பிள்ளை மேலும் குற்றம் இருக்கிறது, வளர்த்தவள் மேலும் குற்றம் இருக்கிறது. பழியைச் சாப்பாட்டில் போட்டால் இரண்டு பேரும் தப்பிவிடலாம் என்ற ஆசைதான் அந்தக் கேள்வி என்று முதலில் நினைத்தேன். அது பாதிதான் சரி. மற்றப் பாதியை ஒரு தாய் எனக்குப் படிப்பித்தா. அவவின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு ஒரு தம்பி. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது அவனுக்கு ஏழு வயது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் கொழும்புச் சாமான் வரத்து இறுகியது. ஜாம் போத்தில் விளக்கில் படித்தோம், பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம், சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். சோடா, நிறம் போட்ட ரொபி, பக்கற்றில் அடைத்த தீன்பண்டம் எல்லாம் கண்ணில் படுவதே அருமை. குரக்கன் புட்டு, ஒடியல் கூழ், முருங்கையிலை வறை, கடலுக்குப் போக முடிந்த நாளில் மீன், இவ்வளவுதான் சாப்பாடு. இப்போது பாரம்பரிய உணவு என்று பெயர் வைத்து விலை கூட்டி விற்பதெல்லாம் எங்களுக்கு அன்று வேறு வழியில்லாத சாப்பாடு.

அந்தச் சாப்பாட்டில் வளர்ந்த என் தம்பி ஊரிலேயே முதல்தரக் குழப்படி. மேலே ஹெலி சுற்றும்போதும் பங்கருக்குள் இருக்கமாட்டான், தலையை நீட்டி எட்டிப்பார்ப்பான். கேட்ட கேள்வி முடிய முன்னம் பதில் சொல்லுவான், பதில் முடிய முன்னம் ஓடிவிடுவான். அம்மா புட்டுக் கோப்பையோடு வளவெல்லாம் பின்னால் திரிந்து தீத்துவா. முருங்கையடியில் ஒரு வாய், கிணற்றடியில் ஒரு வாய். பள்ளிக்கூடத்தில் பிரம்படி. ஒருவரும் அவன் சாப்பாட்டில் குறை சொல்லவில்லை.

இதனால்தான் பெஞ்சமின் ஃபைன்கோல்டைப் பற்றி முதலில் வாசித்தபோது எனக்கு மனம் ஒட்டவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஒவ்வாமை வைத்தியராக இருந்தவர் அவர். 1975 இல் புத்தகம் எழுதி, உணவில் சேர்க்கும் செயற்கை நிறங்களும் சுவையூட்டிகளும்தான் பிள்ளைகளைத் துடியாட்டம் ஆட வைக்கின்றன, அவற்றை விலக்கினால் பாதிப் பிள்ளைகள் வரை திருந்துவார்கள் என்றார். அமெரிக்கத் தாய்மார் சமையலறையைத் துப்புரவாக்கத் தொடங்கினார்கள். பிறகு ஒழுங்கான பரிசோதனைகள் வந்தபோது அந்தப் ‘பாதி’ கரைந்து சிறுத்துப்போனது. என் தம்பிக்கு ஆர் நிறம் போட்டது என்று அன்றே அவரிடம் கேட்க வேண்டும்போல இருந்தது.

ஒரு தம்பியை வைத்து விஞ்ஞானம் பேச ஏலாது என்பது எனக்கும் தெரியும். போர்க்காலப் பிள்ளையின் துடிப்பில் எவ்வளவு பயம், எவ்வளவு பிறவிக் குணம் என்று பிரித்தறிவதும் லேசில்லை. இங்கே உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போரின் மனவடுக்களைப் பற்றி எழுதியதையெல்லாம் நாங்கள் வேலையோடு வேலையாகப் படித்தவர்கள். ஆனால் தம்பிக்குச் சண்டைக்கு முன்னமும் அதே குணம்தான். எங்கள் அப்பாவும் சாய்மனைக் கதிரையில் முழுதாகப் பத்து நிமிடம் சாய்ந்ததை நான் காணவில்லை. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்தக் குணம் பெரும்பாலும் பரம்பரையில் வருவது என்கின்றன. கிளினிக்கில் அதற்கு ஆய்வே தேவையில்லை. தாய் கதைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருக்கிற தகப்பனின் காலைப் பார்த்தால் போதும், தையல் மெசினில் மிதிக்கிறமாதிரி ஆடிக்கொண்டே இருக்கும்.

நிறத்தை முழுதாகத் தள்ளிவிடவும் முடியாது. 2007 இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்ரன் பல்கலைக்கழகத்தில், மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் நிறங்களும் சோடியம் பென்சோவேற்றும் கலந்த பானத்தையும் கலவாத பானத்தையும் ஆருக்கும் தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். கலந்ததைக் குடித்தபோது துடியாட்டம் கொஞ்சம் கூடியது. கவனிக்க வேண்டியது, அவர்கள் நோயுள்ள பிள்ளைகள் அல்ல, பொதுவான பிள்ளைகள். கூடினதும் சிறிதளவுதான், எல்லாருக்கும் ஒரேமாதிரியும் இல்லை. என்றாலும் அந்த ஆய்வில் பார்த்த ஆறு நிறங்களில் ஒன்று சேர்ந்தால் பக்கற்றில் எச்சரிக்கை போட வேண்டும் என்று 2010 ஜூலை முதல் ஐரோப்பாவில் சட்டம் ஆக்கிவிட்டார்கள். எங்கள் நாட்டில் 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்திலில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் இருக்கிறதே, அது நிறத்துக்கு அல்ல, சீனிக்கு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. “சிவப்பு வட்டம் போட்டது குழப்படிக்கு ஆகாதாம்” என்று ஒரு அப்பம்மா எனக்கே விளக்கம் சொன்னா. பல்லுக்கும் சலரோகத்துக்கும் ஆகாது அம்மா, குழப்படி வேறை என்றேன். அவ ஏற்கவில்லை.

சீனிதான் எங்கள் ஊரில் முதல் எதிரி. இனிப்புச் சாப்பிட்டால் ‘ஏறும்’ என்பது பொதுநம்பிக்கை. 1995 இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக்கிப் பார்த்தபோது, சீனி பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகத் தெரியவில்லை. அதற்கு முதல் வருசம் வந்த ஒரு ஆய்வுதான் எனக்கு மிகப் பிடித்தது. என் பையனுக்குச் சீனி ஒத்துவராது என்று சொன்ன தாய்மாரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் எல்லாருக்கும் சீனி இல்லாத செயற்கை இனிப்புக் கலந்த பானத்தைக் கொடுத்தார்கள். பாதித் தாய்மாருக்கு மட்டும் “உங்கடை பிள்ளை குடித்தது சீனி” என்று பொய் சொன்னார்கள். அந்தத் தாய்மாரின் கண்ணுக்குப் பிள்ளை கூடக் குழப்படி செய்தது. அவர்கள் பிள்ளையைக் கூட நெருங்கி நின்று, கூடக் குறையும் பிடித்தார்கள். பிள்ளையின் வயிற்றில் சீனியே இல்லை!

நாங்கள் செய்தது அவ்வளவு பெரிய வேலை இல்லை. 40 பக்கக் கொப்பி ஒன்று. ஒரு பக்கம் சாப்பிட்டது, மறுபக்கம் நடந்தது, இரண்டு கிழமைக்கு. வடமராட்சிப் பக்கத்துத் தாய் ஒருவர் ஐஸ்பழம் குடித்தால் மகன் பேயாட்டம் ஆடுகிறான் என்று சத்தியம் செய்தார். கொப்பியைப் பார்த்தால் ஐஸ்பழம் குடித்த நாளெல்லாம் கோயில் திருவிழா. மேளம், சனம், ஒலிபெருக்கி, கச்சான் கடை, நடுச்சாமத்தில் வீடு திரும்பல். ஐஸ்பழம் இல்லாமலே எந்தப் பிள்ளைக்கும் கால் நிலத்தில் நிற்காது.

இன்னொரு வீட்டில் நிறத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள். அங்கே அம்மம்மாவை ஆய்வாளர் ஆக்கினோம். மூடி போட்ட கறுப்புக் கோப்பையில் ஒருநாள் சிவப்புச் சர்பத், ஒருநாள் நிறமில்லாத சீனித்தண்ணி, இரண்டிலும் தேசிப்புளி. எந்த நாள் எது என்று அம்மம்மாவுக்கு மட்டும் தெரியும், துண்டில் எழுதி வெற்றிலைத் தட்டத்துக்குள் வைத்தா. தாய் புள்ளி போட்டா. எட்டு நாள் முடியப் பிரித்துப் பார்த்தால் சிவப்பு நாலு நாளில் மூன்று நாள் தாயின் புள்ளியில் மோசமான நாள். எட்டு நாள் கணக்குத்தான், தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் சர்பத் ஒரு பிள்ளைக்கு அவசியமான சாப்பாடு இல்லையே, நிற்பாட்டச் சொன்னோம். அந்தப் பன்னிரண்டு வருசத்தில் நிறத்தின் பக்கம் எனக்கு நம்பிக்கை வந்தது அந்த ஒரு வீட்டில்தான். அந்தப் பிள்ளைக்கும் மற்ற வேலை எல்லாம் செய்ய வேண்டித்தான் இருந்தது.

கொப்பிகள் வேறு கதை சொல்லத் தொடங்கின. நாங்கள் தேடியது எந்தச் சாப்பாடு என்று. அவை காட்டியது எப்போது, எப்படி, சில நேரம் சாப்பாடே இல்லை என்று. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் காலத்துப் பிள்ளை ஒன்றின் கொப்பியில் காலைப் பக்கம் இரண்டு கிழமையும் ஒரே வசனம்: “பிளேன்ரீ, 2 பிஸ்கற்.” காலமை ஆறு மணிக்கு ரியூசன், அங்கிருந்து நேரே பள்ளிக்கூடம். ரீச்சர் குறை எழுதி அனுப்பின நேரம் எல்லா நாளும் பத்து மணிக்கும் பத்தரைக்கும் இடையில். இரவு படுக்கை பதினொன்று. அந்தப் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி இல்லை என்று நான் சொல்லவில்லை, இருந்தது. ஆனால் வெறுவயிறும் நித்திரைக் குறைவும் அதற்கு மேல் ஏறி இருந்தன. பாலும் முட்டையும் கொடுக்கச் சொல்வது சுகம். ரியூசனை விடச் சொன்னபோது தாயின் முகம் கறுத்தது. யாழ்ப்பாணத்தில் சோற்றை விடச் சொல்லலாம், ரியூசனை விடச் சொல்லக்கூடாது.

தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. எங்கள் பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தேத்தண்ணி உண்டு. பாணைத் தோய்த்துத் தீத்துவதற்குத் தேத்தண்ணி, சோறு இறங்கத் தேத்தண்ணி. தேயிலையில் உள்ள தனின் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு எடுக்கவிடாது. இரும்பு இரத்தத்துக்கு மட்டும் வேண்டியதில்லை. மூளையில் அவதானத்தோடு சம்பந்தப்பட்ட டோபமின் என்ற பொருளை உண்டாக்கவும் அது வேண்டும். 2004 இல் பாரிசில் ஏ.டி.எச்.டி உள்ள 53 பிள்ளைகளின் இரத்தத்தைப் பார்த்ததில் 84 வீதமானவர்களுக்கு பெரிற்றின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு, குறைவு. ஒப்பிட்டுப் பார்த்த மற்றப் பிள்ளைகளில் 18 வீதம்தான். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படியே ஒத்துப்போகவில்லை. ஆனால் இரும்பு குறைந்த பிள்ளை சோர்ந்து, எரிச்சல் பட்டு, மனம் நில்லாமல் இருக்கும் என்பதில் தகராறு இல்லை.

தீவுப்பக்கத்திலிருந்து ஏழு வயதுப் பெட்டை ஒன்று வந்தது. குழப்படி இல்லை. கூப்பிட்டால் காது கேளாத பிள்ளைபோல யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். இப்படியான பிள்ளைகளைக் கனபேர் கிளினிக்குக்கே கொண்டுவருவதில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் தொல்லை இல்லை. கொப்பியில் நாளுக்கு ஐந்து தேத்தண்ணி. கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில், வெட்கத்தோடு எழுதினமாதிரி: “அரிசிப் பானைக்குள்ளை கை விட்டுப் பச்சையரிசி சப்புறவ.” அதைக் கண்டதும் கொப்பியை அப்படியே டொக்டரிடம் கொண்டுபோனேன். ஈமோகுளோபின் கொஞ்சம்தான் குறைவு, பெரிற்றின் அடிமட்டத்தில் கிடந்தது. இரும்புப் பாணி தொடங்கினார்கள். என் வேலை சொல்லிக்கொடுப்பது. பாணியைத் தேசிக்காய்த் தண்ணியோடு குடுங்கோ, தேத்தண்ணியோடு வேண்டாம். மலம் கறுப்பாய்ப் போகும், பயப்பிடாதேங்கோ. முருங்கையிலை வறையை இறக்கினாப் பிறகு தேசிப்புளி விடுங்கோ. சூடை, கீரி மலிவான நாளில் வாங்குங்கோ. தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளுங்கோ. மூன்று மாதத்தில் அரிசி சப்புவது நின்றது, முகம் வெளித்தது, கூப்பிட்டால் திரும்பியது. வாசிப்பில் பின்தங்கல் முழுதாகப் போகவில்லை, அதற்கு வேறாக உதவி வேண்டியிருந்தது. இந்தப் பெட்டையின் கதையைக் கேட்டுவிட்டுக் கடையில் இரும்புப் பாணி வாங்கித் தாங்களே பருக்கியவர்களும் உண்டு. இரத்தம் பாராமல் அது கூடாது. தலசீமியாக் குணம் உள்ள பிள்ளைக்கும் ஈமோகுளோபின் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் இரும்பு குறைந்திருக்க வேண்டும் என்றில்லை. கூடின இரும்பு நஞ்சு.

வல்லாரையைப் பற்றிக் கேட்பார்கள். சம்பல் போட்டுக் குடுங்கோ, நல்ல இலைக்கறி, சோதினையில் புள்ளி கூடும் என்று மட்டும் நினையாதேங்கோ என்பேன். வெளிநாட்டிலிருந்து வரும் மீனெண்ணெய்க் குளிசையைப் பற்றியும் கேட்பார்கள். ஆய்வில் பலன் உண்டு, ஆனால் மருந்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. குளிசைக் காசுக்குச் சூடைமீன் வாங்கலாம். பூச்சி மருந்தைப் பற்றிக் கேட்டால், ஆறு மாதத்துக்கு ஒருக்கால் குடுங்கோ, அது பூச்சிக்கு, குழப்படிக்கு இல்லை என்பேன்.

ஸ்காபரோவிலிருந்து சித்தி அனுப்பிய வட்ஸ்அப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தாயை மறக்க முடியாது. பால் இல்லை, கோதுமை இல்லை, முட்டை இல்லை, தக்காளி இல்லை, தோடம்பழம் இல்லை. மூன்று மாதமாகப் பிள்ளைக்குச் சோறும் பருப்பும்தான். தராசில் ஏற்றினேன், இரண்டு கிலோ குறைந்திருந்தான். 2011 இல் நெதர்லாந்தில் சில சாப்பாடுகளை மட்டும் கொடுத்துச் செய்த ஆய்வில் பல பிள்ளைகள் திருந்தியது உண்மைதான். அது ஐந்து கிழமை, வைத்தியர் மேற்பார்வையில் செய்தது. பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்பது பெற்றோருக்குத் தெரிந்தே இருந்ததால் முடிவைப் பற்றிச் சண்டையும் நடந்தது. இங்கே ஏற்கெனவே மெலிந்த பிள்ளைகளிடம் அந்த விளையாட்டுக் கூடாது.

மருந்து தொடங்கினால் சாப்பாட்டுக் கவலை வேறு முகம் எடுக்கும். அந்த மருந்து, மெதைல்பெனிடேற், 1944 இல் சுவிற்சர்லாந்தில் உண்டாக்கப்பட்டது. கண்டுபிடித்த பனிசோன் மனைவியின் செல்லப்பெயரான ரீற்றாவை வைத்து அதற்கு றிற்றலின் என்று பெயரிட்டாராம். அது அவதானத்தைக் கட்டிப்பிடிக்கும், பசியையும் சேர்த்து. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி போனபடி திரும்பி வரும். அதனால் காலமை வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் குளிசை. புட்டுக்கு முட்டை, உழுத்தங்களிக்கு நல்லெண்ணெய், கொஞ்சத்துக்குள் கூடச் சத்து. பின்னேரம் மருந்து இறங்கினதும் பசி வரும், இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு கேட்டால் ‘அந்த நேரம் எங்கை போனது பசி’ என்று ஏசக்கூடாது. ஒவ்வொரு முறையும் உயரம், நிறை. கோடு கீழே வளைந்தால் டொக்டருக்குச் சிவப்புப் பேனையில் வட்டம் போட்டு அனுப்புவேன். 2022 இல் விலையெல்லாம் ஏறி, மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தபோது அந்தச் சிவப்பு வட்டங்கள் கூடின. முட்டை என்று சொல்ல எனக்கே நா எழவில்லை, கௌப்பியும் பயறும் கச்சானும் என்றேன்.

இனி அந்தத் தாய். நான் கிளினிக்குக்குப் போன முதல் வருசம். பெடியன் மேசைக்குக் கீழே புகுந்து விளையாடுகிறான், கையில் சோடாப் போத்தில். எனக்கு அன்று நாற்பது பேர் வரிசையில். “உதுகளைக் குடுத்தால் பிள்ளை உப்பிடித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் மாமியார் இருந்தா. தாய் ஒன்றும் பேசவில்லை. அடுத்த தவணைக்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை.

ஒன்றரை வருசம் கழித்து வந்தா. சோடா, இனிப்பு, பிஸ்கற் ஒன்றும் அந்த ஒன்றரை வருசமாக வீட்டு வாசல் மிதிக்கவில்லை. பிள்ளை அப்படியே இருந்தான், நாலாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாமல். மாமியார் நாளாந்தம், “மிசியே சொன்னவ, உன்ரை சமையல்தான்” என்று குத்திக்கொண்டிருந்திருக்கிறா. தாய் அதை அழாமல் சொன்னா. பழியைச் சாப்பாட்டில் போட்டால் தாய் தப்புவாள் என்று நினைத்தேனே, சாப்பாடு என்றால் சமைக்கிற கை யாருடையது? மன்னிப்புக் கேட்டேன். மாமியாரைத் தனியாக உள்ளே கூப்பிட்டு இருத்தி, இது பிறவியில் வருகிற குணம், உங்கள் மருமகளின் சட்டியில் வந்ததில்லை என்று சொன்னேன். “அப்ப ஆற்றை பக்கத்தால வந்தது?” என்று உடனே கேட்டா. உங்கடை மகன் சின்ன வயதில் எப்படி என்று கேட்டேன். கனநேரம் பேசாமல் இருந்தா.

அதன் பிறகு சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும்போது “என்ன குடுக்கிறனீங்கள்” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “அவன் என்ன சாப்பிடுறவன்?” என்று கேட்பேன். வசனத்தில் தாய் இருக்கமாட்டா. கொப்பிகள் நிரம்பி வரத் தொடங்கினதும் அதற்குப் பிறகுதான்.

தம்பி இப்போது ரொறன்ரோவில் நீண்டதூர லொறி ஓட்டுகிறான். போன மாதம் ஒருநாள் இரவு ரெலிபோன் எடுத்தான். மகனுக்கு எட்டு வயது, பள்ளிக்கூடத்தில் ஏ.டி.எச்.டி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நிறம் போட்ட சீரியலை நிற்பாட்டவோ என்று மச்சாள் கேட்கிறாவாம்.

“அவன் காலமை என்ன சாப்பிடுறவன்?”

“அந்தச் சீரியல்தான் அக்கா. அதுகும் ஒரிடத்தில இருந்து சாப்பிடுறானில்லை. கோப்பையோட வீடெல்லாம் நடை.”

“முதல்ல இரும்பு பாக்கச் சொல்லு. பேந்து, காலமை பத்து நிமிசம் நீ அவனோட மேசையில இருந்து சாப்பிடு. நீ இருந்தால் அவனும் இருப்பான்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. லொறிக்குள் இருந்துதான் கதைக்கிறான் போல, ஏதோ ஒரு பொலித்தீன் பை சரசரத்தது.

“நானோ?” என்றான். “நான் எப்ப அக்கா இருந்து சாப்பிட்டனான்?”